கார்கிவ்காரியும் பெல்கொரோட்காரியும்

ஒலேஸ்யா வேலைக்கு வந்த முதல் நாள் காலை, லரிசா சமையலறை வாசலிலேயே அவளுக்காகக் காத்து நின்றாள்.

சுவிஸில், பேர்ண் நகரத்தை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் உள்ள அந்த முதியோர் இல்லத்துச் சமையலறையில் லரிசா பத்து வருடமாக வேலை செய்து வந்தாள். உக்ரைன் எல்லையோரம் இருக்கும் பெல்கொரோட் என்ற ரஷ்ய நகரத்தில் பிறந்து, சுவிஸ்காரர் ஒருவரை மணந்து வந்தவள். புதிதாக வருபவள் கார்கிவ்காரி என்று அறிந்ததும் அவளுக்கு ஊர்க்காரியைக் கண்ட மாதிரி. கார்கிவ் எல்லைக்கு அந்தப் பக்கம், உக்ரைனில் இருந்தாலும், இரண்டு நகரங்களுக்கும் இடையில் எண்பது கிலோமீட்டர்தான். சின்ன வயதில் தாயோடு சப்பாத்து வாங்கப் போனது கார்கிவுக்குத்தான் என்று ரஷ்ய மொழியில் சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள்.

ஒலேஸ்யா கையைக் கொடுக்கவில்லை. அரைகுறை ஜெர்மனில், "நான் அந்த மொழி பேசுவதில்லை," என்றாள்.

"கார்கிவில் பிறந்துவிட்டா? நீ வீட்டில் பேசி வளர்ந்ததே அந்த மொழிதானே?"

"ஆமாம். போன வருடம் பெப்ரவரி இருபத்துநான்கு, உங்கள் படை உள்ளே வந்த நாள் வரைக்கும் பேசினேன்."

கரட் வெட்டிக்கொண்டு நின்ற தவச்செல்வன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். லரிசாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அந்தக் கணத்திலேயே அவனுக்கு ஒலேஸ்யாவைப் பிடிக்காமல் போனது.

பிடிக்காததற்கு அவனிடம் வேறு காரணங்களும் இருந்தன. அவனுக்கு ஐம்பத்துமூன்று வயது. இருபது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி மனுக் கொடுத்தவன். முடிவு வரும் வரைக்கும் வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்த அட்டையோடு ஒன்பது வருடம் காத்திருந்தான். ஒலேஸ்யாவுக்கு வந்த மூன்றாம் கிழமையே உக்ரைன்காரருக்கென்றே கொடுத்த 'எஸ்' பாதுகாப்பு அட்டை கிடைத்தது. தொடக்கத்தில் சில மாதம் பஸ்ஸும் ரயிலும்கூட இலவசம்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அவனுடைய அக்கா சிவமலர் 2007இல் வன்னியில் விமானக் குண்டுவீச்சில் செத்துப்போனாள். இலங்கை விமானப்படையின் மிக் விமானங்கள் உக்ரைனிலிருந்து வாங்கியவை என்று அந்தக் காலத்திலேயே பேப்பரில் படித்திருந்தான். அந்த ஒரு வரி பதினாறு வருடமாக அவனுக்குள் கிடந்தது. இப்போது அந்த நாட்டிலிருந்து ஒருத்தி அவனுடைய சமையலறைக்குள்ளேயே வந்து நின்றாள்.

லரிசா வேறு மாதிரி. அவனுக்கு இடுப்பு நாரியில் ஒப்பரேஷன் நடந்தபோது, இரண்டு மாதம் அவனுடைய பாரமான பானைகளையெல்லாம் அவளே தூக்கினாள். அவனுடைய இடத்துக்கு வேறு ஆள் எடுக்க வேண்டாம் என்று சமையலறைப் பொறுப்பாளர் பீரியோடு சண்டை போட்டதும் அவள்தான்.

ஒன்பது மணிக்குச் சிற்றுண்டி இடைவேளை. மூவரும் ஒரே மேசையில் இருந்தாக வேண்டும். சண்டைகள் அங்கேதான் நடந்தன. ஒலேஸ்யா ரஷ்ய மொழியைத் தொடமாட்டாள், லரிசாவுக்கு உக்ரைன் மொழி வராது. அதனால் இருவரும் ஜெர்மனிலேயே சண்டை போட்டார்கள். தவச்செல்வனுக்கு எல்லாம் விளங்கியது.

மே மாதத்தில் ஒரு நாள் லரிசா தொடங்கினாள். "ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஓர் அரசன் கீவ் நகரத்து ஆற்றில் தன் சனங்களை இறக்கி ஞானஸ்நானம் கொடுக்க வைத்தான். உங்களுக்கும் அவன்தான் அரசன், எங்களுக்கும் அவன்தான். ஒரே சனம். இரண்டு நாடு எங்கிருந்து வந்தது?"

"அவன் கீவை ஆண்டபோது மாஸ்கோ என்றொரு ஊரே இல்லை. காடும் கரடியும்தான் இருந்தன. பிறகு வந்தவன், முதலில் இருந்தவனைத் தம்பி என்கிறான்."

"உங்கள் எல்லையைக் கீறியதே சோவியத். கிரிமியாவை 1954இல் பிறந்தநாள் பரிசு மாதிரித் தூக்கிக் கொடுத்தார்கள்."

"பஞ்சத்தையும் அவர்கள்தான் கொடுத்தார்கள். முப்பத்துமூன்றாம் வருடம் எங்கள் அப்பாவின் குடும்பத்தில் ஒன்பது பேரில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். விதைக்கு வைத்த..." அவள் நிறுத்தி, கோதுமைக்கு ஜெர்மன் சொல்லைத் தேடினாள். "விதைக் கோதுமை வரைக்கும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்."

"அந்தப் பஞ்சத்தில் எங்கள் ஆட்களும்தான் செத்தார்கள்."

"எங்கள் மொழியில் புத்தகம் அச்சிடக்கூடாது என்று உங்கள் ஜார் மன்னன் சட்டம் போட்டானே, அதுவும் உங்களுக்கும் சேர்த்துத்தானா? தொண்ணூற்றொன்றில் வாக்குப்போட்டுப் பிரிந்தோம். கிரிமியாவில்கூடப் பாதிக்கு மேல் பிரிவதற்குத்தான் போட்டார்கள். அணுகுண்டுகளைத் திருப்பிக் கொடுத்தோம். எல்லையை மதிப்போம் என்று மாஸ்கோ கையெழுத்து வைத்தது. அந்தக் கடதாசி எங்கே?"

"நேட்டோவை எங்கள் வாசலுக்குக் கொண்டுவரமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்களே, அது எங்கே?"

"அப்படி ஒரு கடதாசியே இல்லை."

"கடதாசி இல்லாவிட்டால் வாக்கு இல்லையா? பத்து வருடமாகக் கிழக்கில் ரஷ்ய மொழி பேசியவர்களை நீங்கள்..."

"பேசியவள் நான்!" ஒலேஸ்யா கோப்பையை அடித்து வைத்தாள். "நான் கணக்கு ரீச்சர். கார்கிவில் வகுப்பில் அந்த மொழியில்தான் எத்தனையோ வருடம் படிப்பித்தேன். என்னை ஒருவரும் தொடவில்லை. என் பள்ளிக்கூடத்தை இடித்தது என்னைக் காப்பாற்ற வந்த உங்கள் ஏவுகணை."

யார் முதலில் வந்தது, யாருடைய அரசன், எந்த மொழிக்குச் சட்டம், எந்த ஒப்பந்தத்தை யார் கிழித்தது என்ற பேச்சையெல்லாம் தவச்செல்வன் தன்னுடைய தீவில் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன். இதைக் கேட்டதும் அவளில் இரக்கம் வந்திருக்கலாம். ஆனால் அவனுக்கு வந்தது எரிச்சல்தான். எங்களிடம் ஒருவரும் கேட்காத கதையை இவளிடம் மட்டும் உலகமே இருந்து கேட்கிறதே என்ற எரிச்சல்.

"உங்கள் நாடு விற்ற விமானம்தான் என் அக்காவைக் கொன்றது," என்றான்.

ஒலேஸ்யா அவன் பக்கம் திரும்பினாள். இலங்கை எங்கே இருக்கிறது என்பதே அவளுக்குச் சரியாகத் தெரியாது என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"எந்த வருடம்?"

"2007."

"அந்த வருடம் நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன்."

"நீ குண்டு போட்டாய் என்று நான் சொல்லவில்லை."

"சொல்லவில்லை. ஆனால் வந்த நாளிலிருந்து நான் போட்ட மாதிரித்தான் பார்க்கிறாய்."

லரிசா சிரித்தாள். தவச்செல்வனும் சிரித்தான். பிறகு நெடுநாள் அந்த மேசையில் அவர்கள் இருவரும் ஒரு பக்கம், ஒலேஸ்யா தனியாக மறு பக்கம்.

டிசம்பர் கடைசியில், ஒரு நாள் ரஷ்ய ஏவுகணைகள் உக்ரைன் நகரங்களில் விழுந்தன. கார்கிவும் அதில் ஒன்று. மறுநாள் பெல்கொரோட்டின் நடு நகரத்தில் உக்ரைன் பக்கமிருந்து வந்த குண்டுகள் விழுந்தன. லரிசாவின் தாய் இருந்த வீட்டின் யன்னல்கள் நொறுங்கின. தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மேல்மாடியில் இருந்த பெண்ணும் அவளுடைய பிள்ளையும் கடைக்குப் போன இடத்தில் செத்துப்போனார்கள். அந்தப் பிள்ளையை லரிசா போன கோடையில்தான் மடியில் வைத்திருந்தாள்.

புதுவருடம் கழிந்து லரிசா வேலைக்கு வந்தபோது அவள் கண்கள் வீங்கியிருந்தன. பதினொரு மணி இருக்கும். பெரிய கொதிகலனிலிருந்து சூப்பை வாளிகளில் நிரப்பித் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். வண்டிக்கு ஒரு பக்கம் லரிசா, மறு பக்கம் ஒலேஸ்யா. தவச்செல்வன் மூன்று மீட்டர் தள்ளி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான்.

லரிசா தானாகவே சொன்னாள். "கடைத்தெருவில் குண்டு போட்டார்கள். நாலு வயதுப் பிள்ளை."

ஒலேஸ்யா வாளியின் மூடியை அழுத்திக்கொண்டே, "இப்போது தெரிகிறதா?" என்றாள்.

லரிசா வண்டியைத் தள்ளினாள். கை தவறித் தள்ளியது அல்ல. இரண்டு கைகளாலும், உடம்பு முழுவதையும் கொடுத்துத் தள்ளினாள். வண்டி ஒலேஸ்யாவின் இடுப்பில் இடித்தது, மூடாத வாளி ஒன்று கவிழ்ந்து கொதிக்கும் சூப் அவளுடைய இடது கையில் முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் ஊற்றியது. அவள் கத்தினாள். அப்போது அவள் வாயிலிருந்து வந்தது ரஷ்ய மொழி.

தவச்செல்வன் ஓடிப்போய்க் குளிர்தண்ணீரைத் திறந்து அவள் கையைப் பிடித்து வைத்தான். அம்புலன்ஸ் வரும்வரை பிடித்துக்கொண்டே நின்றான். தோல் தண்ணீரோடு கழன்று வந்தது.

பின்னேரம் பீரி அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "லரிசா தள்ளினாள் என்று ஒலேஸ்யா சொல்கிறாள். ஒலேஸ்யாவே வண்டியை இழுத்தாள் என்கிறாள் லரிசா. அங்கே நின்றது நீ ஒருவன்தான்."

"நான் பார்க்கவில்லை," என்றான் தவச்செல்வன். "வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்."

பீரி அதை எழுதிக்கொண்டார். ஒலேஸ்யாவின் ஒரு வருட ஒப்பந்தம் ஜனவரியோடு முடிய இருந்தது. இப்படிச் சண்டை வருகிற ஆளை நீட்டிக்கத் தேவையில்லை என்று முடிவாயிற்று.

ஜனவரி மூன்றாம் கிழமை, கையில் கட்டோடு தன் அலுமாரியை வெறுமையாக்க அவள் வந்தாள். ஒற்றைக் கையால் சப்பாத்தைப் பைக்குள் போட முடியாமல் நின்றாள். தவச்செல்வன் உதவப் போனான்.

"தொடாதே," என்றாள். "நீ பார்த்தாய். நான் கத்தியபோது நேரே உன் கண்ணைத்தான் பார்த்தேன்."

அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

"உன் அக்காவுக்காகவா? இந்த ஒரு கை அவளுக்குப் போதுமா, மற்றதையும் தரட்டுமா?"

"என் அக்காவைப் பற்றி நீ கதைக்காதே!"

"நீதான் அவளை இங்கே கூட்டிவந்தாய்," என்று சொல்லிவிட்டுப் பையைப் பற்களால் கடித்து இழுத்து மூடிக்கொண்டு போனாள்.

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தவன், கோபத்தோடு எல்லாவற்றையும் மனைவி பிரசாந்தினிக்குச் சொன்னான். தான் கண்டதையும் சேர்த்துத்தான் சொன்னான். அவள் தன் பக்கம் நிற்பாள் என்று நினைத்தான்.

"அப்ப கண்டனீங்கள்," என்றாள் அவள்.

"கண்டால் என்ன? அவையின்ரை பிளேன்தானே..."

"கிபிரோ மிக்கோ எண்டு ஆர் கண்டது? மச்சாளைச் சாகடிச்சது எது எண்டு உங்களுக்குத் தெரியுமோ? கிபிர் பிளேன் வேறை நாட்டில வாங்கினது, மிக் உக்ரைனில. ரஷ்யாக்காரன் ஹெலி குடுத்தவன். ஜெனீவாவில ஐ.நா.வில எங்கடை விஷயம் வரேக்கை அவங்கள் ஆரின்ரை பக்கம் கை தூக்கினவங்கள்? லரிசாவிட்டை ஒருநாளாவது கேட்டனீங்களோ?"

"லரிசா எனக்குச் செய்த உதவி உமக்குத் தெரியாதோ?"

"தெரியும். அதுக்கு நன்றி சொல்லுங்கோ. நன்றிக்கு மற்றவளின்ரை கையைக் குடுக்காதேங்கோ." அவள் குரல் உயர்ந்தது. "ஹோட்டலில நான் வேலை செய்யேக்கை அங்கை வேலை செய்த ஒருத்தன் என்னைப் படியில தள்ளிவிட்டவன். கண்டுகொண்டு நிண்ட மூண்டு பேரும் காணேல்லை எண்டுதான் சொன்னவை. அந்த மூண்டு பேரையும் நீங்கள் என்னெண்டு பேசினனீங்கள்? ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப அந்தப் பேச்சை இப்ப உங்களுக்குச் சொல்லட்டோ?"

அவன் கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே போனான். பேர்ண் பக்கம் போகும் வீதியில் நெடுந்தூரம் நடந்தான். அவளைத் திட்டினான், ஒலேஸ்யாவைத் திட்டினான், கடைசியில் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் திரும்பி வந்தான்.

அடுத்த நாள் காலை பீரியின் அறையில் போய், "பார்த்தேன். லரிசா தள்ளினாள்," என்றான். பீரி அதை அவன் கையாலேயே எழுதித் தரச் சொன்னார். பொய் சொன்னதற்கு அவனுக்கும் எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. லரிசாவை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

லரிசா பின்வாசலில் அவனுக்காகக் காத்து நின்றாள். அவள் அழவில்லை.

"பதினொரு வருடம்," என்றாள். "உன் பானைகளைத் தூக்கியது இந்தக் கை."

"இந்தக் கைதான் தள்ளியதும்."

"என் தாயின் வீட்டுக்கு மேலே ஒரு பிள்ளை செத்தது. அதை நீ எழுதிக் கொடுத்தாயா? இல்லை. சூப்பை மட்டும்தான் எழுதினாய். உன் அக்காவைக் கொன்றவர்களுக்காக என்னை விற்றுவிட்டாய்."

அவள் சொன்னதில் ஒரு பகுதி சரி என்று அவனுக்குப் பட்டது. ஆனால் எந்தப் பகுதி என்று சொல்லத் தெரியவில்லை. அவள் அவனுடைய காலடியில் துப்பிவிட்டுப் போனாள்.

பெப்ரவரி நடுவில், விபத்துக் காப்புறுதி விசாரணைக்காக பேர்ணில் ஓர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு மறு பக்கம் ஒலேஸ்யா, அவளுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். கட்டு அவிழ்த்த கை சிவந்து, சுருங்கி, மேசையில் கிடந்தது. தவச்செல்வன் கண்டதை முதலிலிருந்து சொல்லிக் கையெழுத்து வைத்தான். ஒப்பந்தத்தை நீட்டிக்கத் தயார் என்று இல்லத்திலிருந்து வந்த கடிதத்தை அதிகாரி வாசித்துக் காட்டினார்.

"வேண்டாம்," என்றாள் ஒலேஸ்யா, மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திராமல். "ஒருத்தி போய்விட்டாள். ஒருவன் இன்னும் அங்கே இருக்கிறான்."

தவச்செல்வன் மன்னிப்புக் கேட்டான். ஜெர்மனில் அதற்கான சொல்லை வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்றைக்கே சொல்லியிருந்தால் அது உண்மை," என்றாள். "இன்றைக்கு உன் மனம் ஆறுவதற்காகச் சொல்கிறாய். எனக்கு அது தேவையில்லை." எழுந்து, நல்ல கையால் கோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் பிரசாந்தினி சோறு போட்டு வைத்திருந்தாள்.

"வந்தவளோ?"

"ஓம்."

"என்ன சொன்னவள்?"

"என்னை மன்னிக்கமாட்டாளாம்."

"நானெண்டாலும் மன்னிச்சிருக்கமாட்டன்," என்று சொல்லிக் கறிச்சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள்.