வாயில் பஞ்சு வைத்த பெண்

விழுப்புரத்தில் பஸ் ஏறியதிலிருந்து அம்சாவின் கண் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மேலேயே இருந்தது. கண்டக்டர் இரண்டு முறை கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"எங்கம்மா எறங்கணும்? சொன்னாதானே டிக்கெட்டு குடுப்பேன்!"

"அதட்டாதீங்கண்ணே. இன்னிக்குப் பௌர்ணமி. திருவக்கரை அம்மன் கோயிலுக்கு மௌன விரதம் இருந்துகினு போவுது போல" என்றாள் அம்சா.

அந்தப் பெண் பதறிப்போய்க் கழுத்துச் சிலுவையை எடுத்துக் காட்டினாள். பிறகு வீங்கிய கன்னத்தைத் தொட்டாள்.

"அட, ஞானப்பல்லு புடுங்கிக்கினு வர்றியா? உள்ள பஞ்சா? தொறந்தா ரத்தம் வந்துருமா?"

தலை ஆடியது. அம்சா ஊர் ஊராகக் கேட்டாள்.

"விக்கிரவாண்டியா? கூட்டேரிப்பட்டா?"

கூட்டேரிப்பட்டுக்கு மறுபடி தலை ஆடியது.

"அங்க நிக்காது. திண்டிவனத்துலதான் நிக்கும்" என்றார் கண்டக்டர்.

"இந்த வலியோட திண்டிவனம் போயி திரும்பணுமா? ஒரு நிமிசம் நிறுத்துங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

கண்டக்டர் முணுமுணுத்தார். ஆனாலும் கூட்டேரிப்பட்டில் விசில் ஊதினார். அந்தப் பெண் இறங்கி நின்று இருவருக்கும் கைகூப்பினாள்.

பேரைக் கேட்காமல் விட்டோமே என்று அம்சாவுக்குக் குறுகுறுத்தது. பேர் தெரியாவிட்டால் என்ன, எந்தக் கன்னம் என்று அம்மனுக்குத் தெரியும் என்று அந்தப் பெண்ணின் வலி தீர வேண்டிக்கொண்டாள்.