மஞ்சள் சீட்டுகள்

தடாலென்று விழுந்தது பலகை.

கீழவாஞ்சூர் மெயின் ரோட்டில் ஒரு நிலக்கரி லாரி போனால் அந்த மாடி அறையின் ஜன்னல் கம்பி முனகும். இரண்டு சேர்ந்து போனால் மேசை மேல் தண்ணீர் பாட்டில் ஆடும். இன்றைக்கு வரிசையாகப் போயின போலிருக்கிறது. ரொம்ப நாளாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த சுவர் ஆணி, போதுமடா சாமி என்று கைவிட்டுவிட்டது. பலகை கவிழ்ந்து, அதில் குத்தியிருந்த சீட்டுகள் ஃபேன் காற்றில் அறை முழுக்கப் பறந்தன.

"யாருக்கும் அடி படலையே?" என்று பதறினாள் தாமரைச்செல்வி.

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல மிஸ். இங்கிலீஷுக்குத்தான் பலத்த அடி" என்றான் கதிரவன். துறைமுக வாசலில் லாரிகளை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்புகிறவன். வேலை முடித்து நேரே வகுப்புக்கு வருவதால் காது மடலில் எப்போதும் கரித்தூள் இருக்கும்.

"ஆமா, நீ பேசுற இங்கிலீஷால படாத அடியா இப்பப் பட்டுருச்சு?" என்றாள் அல்லி. நர்சிங் படிப்பில் சேரப்போகிற பெண். வாயாடி.

வகுப்பு சிரித்தது. தாமரைச்செல்வியும் சிரித்தாள். பூவத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து இந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பை நடத்துகிறவளுக்கு, சிரிப்பு கிடைக்கிற இடமே இந்த ஒரு மணி நேரம்தான்.

அவளுடைய வகுப்பில் இலக்கணப் புத்தகம் கிடையாது. மனிதர்கள் வாயைத் திறந்தால் புதிது புதிதாகவா பேசுகிறார்கள்? ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. மாவு மாறும், அச்சு மாறாது. அந்த அச்சுகளைப் பிடித்துக்கொண்டால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவள் கட்சி. அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வெளிநாட்டிலும் கப்பலிலும் வேலை பார்க்கிற பழைய மாணவர்கள், அன்றாடம் காதில் விழுகிற ஒரு வாக்கியத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அதைச் சீட்டில் எழுதி, ஓரத்தில் தேதி போட்டு, அதன் அச்சு எதுவோ அந்த வரிசையில் குத்திவிடுவாள். 'குட் யூ' ஒரு வரிசை. 'வுட் யூ லைக்' ஒரு வரிசை. 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' ஒரு வரிசை. யார் யாரிடம் சொன்னது, எதற்குச் சொன்னது என்றெல்லாம் கேட்பதில்லை. அச்சு கிடைத்தால் போதும்.

அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். மஞ்சள், அவள் கணவன் செந்தில்குமாருக்கு.

அவன் போன வருஷம் ஆடியில் இங்கிலாந்துக்குப் போனான். ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. நாள் தவறாமல் வாக்கியம் அனுப்புகிற ஒரே ஆள் அவன்தான்.

"மிஸ், எந்தச் சீட்டு எந்த வரிசைன்னு எங்களுக்குத் தெரியாது. கலர் கலரா அடுக்கித் தர்றோம், நீங்க பிரிச்சுக்குங்க" என்றாள் அல்லி.

தரையில் உட்கார்ந்து எல்லோரும் பொறுக்கினார்கள். பச்சை ஒரு கட்டு, நீலம் ஒரு கட்டு. மஞ்சள் கட்டுதான் பருமன். அல்லி அதைத் தேதி வாரியாகவே அடுக்கிவிட்டு, நீட்டும்போது ஒரு கொக்கியும் போட்டாள்.

"சாரு அங்க சமைக்கிறாரா, இல்ல விருந்துக்குப் போயிருக்காரா மிஸ்? ஆளாளுக்கு விழுந்து விழுந்து கவனிக்கிறாங்க. கடைசிச் சீட்டப் பாருங்க, மாப்பிள்ளை உபசாரம்தான்."

தாமரைச்செல்வி சிரித்துக்கொண்டே வாங்கினாள். ஒரு வருஷத்து மஞ்சளை ஒன்றாகச் சேர்த்து அவள் பார்த்ததே இல்லை. வந்தது வந்தபடி அச்சு பார்த்துப் பலகையின் நாலு மூலைக்கும் பிரித்து அனுப்பியவள் அவள்தானே.

முதலில் எல்லாம் அடுப்படிப் பேச்சு. 'மைண்ட் யுவர் பேக்', பின்னால் பார்த்து, சூடான சட்டி வருகிறது. 'குட் யூ பாஸ் மீ த பிக் பேன்?' பெரிய வாணலியை எடுத்துக் கொடு. பாதிக் கட்டு வரைக்கும் சட்டியும் கரண்டியும்தான்.

அப்புறம் ஒன்று: 'யூ ஷுட் கெட் தட் காஃப் லுக்ட் அட்.' அந்த இருமலை டாக்டரிடம் காட்டிவிடு.

அதற்குப் பிறகு வாணலி வரவேயில்லை.

'ஜஸ்ட் அ ஷார்ப் ஸ்க்ராட்ச்.' சும்மா, சுருக்கென்று ஒரு குத்து. இது வந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. வகுப்பில் கொண்டாடிவிட்டாள். வெள்ளைக்காரர்கள் பெரிய காரியத்துக்கு முன்னால் ஒரு 'ஜஸ்ட்' போட்டு அதைச் சின்னதாக்கிவிடுவார்கள், நாம் 'சும்மா ஒரு ஊசி' என்று பிள்ளையை ஏமாற்றுகிற மாதிரி என்று விளக்கினாள். இல்லத்துக் கிழவர் யாருக்கோ ஊசி போட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தாள். 'ஜஸ்ட் வர்ற வாக்கியம் இன்னும் கெடச்சா அனுப்புங்க, பசங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு' என்று அவனுக்குச் செய்தி போட்டாள்.

அவனும் அனுப்பினான். 'வீ ஆர் ஜஸ்ட் கோயிங் டு ரன் அ ஃப்யூ மோர் டெஸ்ட்ஸ்.' இன்னும் சில பரிசோதனைகள், அவ்வளவுதான். அடுத்தடுத்து அதே அச்சில் இன்னும் மூன்று.

பிறகு ஒரு கேள்வி. 'இஸ் தேர் எனிஒன் பேக் ஹோம் யூ வுட் லைக் அஸ் டு கால்?' உங்கள் ஊரில் யாருக்காவது நாங்கள் போன் போட்டுச் சொல்லட்டுமா?

அந்தச் சீட்டின் மேல் அவள் விரல் நின்றது. உள்ளூர்க் கிழவரிடம் யார் இப்படிக் கேட்பார்கள்? கடல் தாண்டி வந்தவனிடம் அல்லவா கேட்பார்கள்? அன்றைக்கு இதற்கு அவள் என்ன பதில் போட்டாள்? 'அருமை. பணிவுக்கு நல்ல உதாரணம்.' கூடவே ஒரு கட்டைவிரல்.

கடைசிச் சீட்டு, நேற்றையது. அல்லி மாப்பிள்ளை உபசாரம் என்று சொன்னது இதைத்தான். 'வீ ஜஸ்ட் வான்ட் டு கீப் யூ கம்ஃபர்டபிள்.' உங்களை சௌகரியமாக வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதை எங்கேயோ தமிழில் கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது.

காரைக்காலில் ஆஸ்பத்திரி வராந்தா. போன ஐப்பசி. உள்ளே மாமனார் காத்தமுத்து. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "இனிமே வலி இல்லாம சௌகரியமா வச்சுக்கிட்டாப் போதும்மா."

அதற்குப் பிறகு அவர் எட்டு நாள் இருந்தார். அந்த எட்டு நாளும் செந்தில்குமார் போன் செய்தபோதெல்லாம், "மாமா வயலுக்குப் போயிருக்காங்க" என்றுதான் அவள் சொன்னாள். தூரத்தில் இருப்பவனிடம் கெட்ட செய்தி சொல்லக்கூடாது, கைக்கு எட்டாததற்குத் தவிப்பான் என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். காரியம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. நெடுநேரம் அழுதுவிட்டு, "நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன், விடு" என்றான்.

நானாக இருந்தாலும்.

சில மாதமாக வீடியோவில் அவன் வருவதில்லை. சமையலறை தரைக்குக் கீழே, சிக்னல் எடுக்காது என்றான். பேச்சும் இரண்டு நிமிஷம்தான். நெல் எப்படி, கிளாஸ் எப்படி, வச்சிடட்டுமா. குரல் கம்மியிருந்தால் குளிர் என்றான். அவளும் ஊர்க்கதை பேசி, கடைசியில் வாக்கியம் கேட்டு வாங்கிக்கொண்டு வைத்தாள்.

"மிஸ், என்ன ஆச்சு? உக்காருங்க மிஸ்" என்றாள் அல்லி. அவள் முகத்தில் இப்போது குறும்பு இல்லை.

"இன்னிக்குப் போதும். போய்ட்டு வாங்க" என்றாள் தாமரைச்செல்வி.

கதிரவன் பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தான். பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் இறங்கிப் போனார்கள்.

மாடிப்படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். அங்கே மத்தியானம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான் என்று நினைத்தபோது எடுத்தான்.

"தாமரை? என்ன இந்த நேரத்துல? கிளாஸ் இல்லையா?"

"இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க?"

"கிச்சன்லதான். வேற எங்க போவேன்?"

அவன் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒரு மெஷின் ஒரே சீராகக் கூவிக்கொண்டிருந்தது. எந்த அடுப்பும் அப்படிக் கூவாது.

"கிச்சன்ல இன்னிக்கு என்ன சமைச்சீங்க?"

அவன் இருமலை அடக்குவது கேட்டது.

"ஏங்க, எந்த ஆஸ்பத்திரி?"

கீழே ஒரு லாரி போயிற்று. சாய்த்து வைத்த பலகை அறைக்குள் மெல்லத் தடதடத்தது.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பலகை கீழ விழுந்துருச்சு. உங்க சீட்டையெல்லாம் ஒண்ணாச் சேத்துப் படிச்சேன்."

அவன் இருமினான். இருமல் நிற்கச் சிறிது நேரம் பிடித்தது. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல? நான் மாமா விஷயத்தை மறச்சேன்னா?"

"அய்யே, அதெல்லாம் இல்ல. வாயத் தொறந்தா தமிழ்ல வரமாட்டேங்குது. ஒவ்வொரு நாளும் சொல்லிடணும்னுதான் போன எடுப்பேன். நீ வயல்ல தண்ணி நிக்குதுன்னு ஆரம்பிப்ப, அப்படியே அமுங்கிடும்."

"கிளாசுக்கு வாக்கியம் மட்டும் நாள் தவறாம அனுப்பத் தெரிஞ்சுதா?"

மெஷின் கூவிக்கொண்டிருந்தது. கடைசியில், மிக மெதுவாகச் சொன்னான்.

"கிளாசுக்குன்னு நான் எதையுமே அனுப்பல, தாமரை. அத்தனையும் உனக்குத்தான் அனுப்புனேன்."