இருபத்தேழாவது வீடு

பால்பா மலையின் அந்த ஊரில் காவல் கோல் யார் வாசலில் சாய்ந்திருக்கிறதோ, காடு அன்று அவர்கள் பொறுப்பு. எதை வெட்டலாம், எது கூடாது என்பதும் அவர்கள் சொல்தான். சாயங்காலம் கோலை அடுத்த வாசலில் சாய்க்க வேண்டும். விடிந்ததும் அந்த வீட்டார் முந்தின வீட்டின் பேரைச் சொல்லி, "காட்டை வாங்கிக்கிட்டேன்" என்று கோலை எடுத்தால்தான் முறை மாறும். மொத்தம் இருபத்தாறு வீடுகள். ஒருவரும் இதுவரை மீறியதில்லை.

இன்று முறை தில்சராவுக்கு, நாளை ஹர்க்கவீருக்கு. ஹர்க்கவீர் வனக்குழுத் தலைவர். மகள் கல்யாணம் நெருங்க நெருங்க, ஊற்றுக்கு மேலே நின்ற பொந்து விழுந்த கட்டூஸ் மரத்தின் மேல் அவருக்குக் கண். நாளை காவலும் அவரே, வெட்டுவதும் அவரே. கேட்க ஆள் ஏது?

"பட்ட மரம் தங்கச்சி. விறகுக்குத்தான் லாயக்கு," என்றார் தில்சராவிடம்.

"அதுல ஆந்தை குஞ்சு பொரிச்சிருக்கு, அண்ணே."

"கல்யாண வீட்டுக்கு மேல ஆந்தையா? ரொம்ப நல்ல சகுனம், போ!"

இரண்டு வருடம் தில்சராவின் மக்காச்சோளத்தில் பாதியை எலி தின்றது. ஆந்தை வந்த பிறகுதான் பரணில் ஏதோ மிஞ்சியது. மரம் போனால் மறுபடியும் எலிக்குத்தான் அறுவடை.

சாயங்காலம் கோலோடு கிளம்பியவள், தலைவர் வாசலைத் தாண்டி நேரே மலையேறினாள்.

காலையில் வாசலில் கோலைக் காணாமல், கோடாலியும் ஆளுமாக ஹர்க்கவீர் காட்டுக்கு வந்தபோது, கோல் கட்டூஸ் மரத்தில், பொந்துக்கு நேர் கீழே சாய்ந்திருந்தது. பக்கத்தில் தில்சரா. வேடிக்கை பார்க்கப் பாதி ஊர்.

"என்ன கூத்து இது?"

"காவல் காக்குற வீட்டுக்கெல்லாம் முறை உண்டுல்ல? இவங்களுந்தான் காக்குறாங்க." முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஆந்தை கக்கிய உருண்டைகள். ஒன்றை உடைத்ததும் எலி மண்டையோடுகள் உதிர்ந்தன. "நேத்து ராத்திரி நீங்க எத்தனை எலி பிடிச்சீங்க, அண்ணே?"

முதலில் சிரித்தது ஹர்க்கவீரின் மனைவிதான். "இவரா? குறட்டை விட்டாரு!"

அவர் வெடுக்கென்று கோலுக்குக் கை நீட்டினார்.

"பேரைச் சொல்லிட்டு எடுங்க," என்றாள் தில்சரா.

பேரைச் சொல்லாவிட்டால் அவருக்கு முறை இல்லை. சொல்லிவிட்டால் அது ஒரு வீடு, வீட்டின் மேல் யாரும் கோடாலி வைப்பதில்லை. ஹர்க்கவீர் ஊரைப் பார்த்தார், எலும்புகளைப் பார்த்தார், பொந்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஆந்தை வீட்டாரே, காட்டை வாங்கிக்கிட்டேன்."

கல்யாணத்துக்கு வீட்டுக்கு ஒரு கட்டு விறகு வந்தது. இருபத்தேழாவது வீடு மட்டும் எதுவும் தரவில்லை. ஹர்க்கவீரும் கேட்கவில்லை.