ஹெக்டர் சேரின் சிரமதானம்

இயற்கையைப் பாதுகாக்கக் கிளம்பிய எங்கள் ஆட்கள் முதலில் செய்த வேலை, அதற்கு மொட்டை அடித்ததுதான்.

எங்கள் ஊரான பாலையூற்றுக்குப் பின்னால் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. வெடி வைத்துத் தோண்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, ஓரமெல்லாம் சம்புப்புல் முளைத்து, அதற்குள் கானாங்கோழி என்ற நீர்ப்பறவை குடியேறிவிட்டது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. அதைப் பார்த்துத்தான் லிங்கநகர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நான், ஜுமானா, இந்த இடத்தை இப்படியே விட்டுப் பாதுகாப்போம் என்று நாலு பேரைச் சேர்த்தேன். நாலு பேர் சேர்ந்தால் தலைவர் வேண்டுமே. துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஹெக்டர் சேர் தலைவரானார். அதிகாரம் செய்ய ஆளில்லாமல் அவர் வீட்டில் பட்ட பாடு கர்த்தருக்கும் அவர் மனைவிக்கும்தான் தெரியும்.

குவாரியில் திரும்பவும் கல்லுடைக்க ஒரு முதலாளி அலைந்துகொண்டிருந்தார். காணி உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். உயிரினம் இருந்தால் இடம் எங்களுக்கு, இல்லாவிட்டால் முதலாளிக்கு. அந்த வாரம்தான் கானாங்கோழி குஞ்சு பொரித்திருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

பரீட்சைக் கடமை என்று நான் ஒரு நாள் போகாமல் விட்டேன். அது போதுமாக இருந்தது. பெரிய ஆள் வருகிறார் என்றால் எங்கள் ஊரில் எல்லோருமாய்ச் சேர்ந்து துப்புரவாக்கும் சிரமதானம் வைக்காமல் இருக்கமாட்டார்கள். பள்ளிக்கூடமோ சவக்காலையோ, புல்லை வெட்டி, குப்பையைக் கொளுத்தி, கல்லுக்கு வெள்ளை அடித்தால்தான் மரியாதை. மறுநாள் காலையில் நான் போனபோது சம்புப்புல்லை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பாறைகளுக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். வாசலில் ஒரு பனர்: ஹெக்டர் சேரின் படம், பக்கத்தில் பஞ்சவர்ணக்கிளி. அந்தக் கிளி இலங்கைக் காட்டிலேயே கிடையாது.

"என்ன சேர் இது?"

"பாருங்கோ டீச்சர், எவ்வளவு வடிவா இருக்கு! முந்தி ஒரே பத்தை."

"அந்தப் பத்தைக்குள்ளதானே கோழி இருந்தது!"

"கோழிதானே, வேற இடம் பார்த்திருக்கும். வாற ஆள் பாம்புக்குப் பயந்து திரும்பிப் போனா என்ன செய்யிறது?"

இவர் கையில் கொடுத்தால் கொட்டியாரக் குடாக்கடலையே இறைத்துவிட்டுக் கூட்டிப் பெருக்குவார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் காணி உத்தியோகத்தர் சுலக்ஷனா வந்தார். வரவேற்றுப் போட்ட மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கரையைச் சுற்றிப் பார்த்தார்.

"துப்புரவாத்தான் இருக்கு சேர். ஆனா உயிரினம் எங்க? இப்பிடியெண்டா முதலாளிக்குக் குடுக்கச் சொல்லித்தான் நான் எழுத வேண்டி வரும்."

ஹெக்டர் சேர் பனரில் இருந்த கிளியைக் காட்டினார்.

அப்போது கரையில் கிடந்த குவியல் அசைந்தது. வெட்டிய சம்புப்புல்லை அள்ளிக் கொளுத்துவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ரோல்ஸும் பிளேன்டீயும் வந்ததும் குந்திய எங்கள் தொண்டர்கள், பிறகு எழும்பியது வீட்டுக்குப் போகத்தான். அந்தக் குவியலுக்குள்ளிருந்து வெள்ளை நெஞ்சைக் காட்டிக்கொண்டு கானாங்கோழி வெளியே வந்தது. பின்னால் கறுப்புக் குஞ்சுகள், ஒன்றின் மேல் ஒன்று இடறிக்கொண்டு வந்தன. எங்கள் ஆட்களின் சோம்பல் இல்லாவிட்டால் அதுகள் முதல் நாளே சாம்பலாகியிருக்கும்.

"ஐயோ, குஞ்சுகள்!" என்று சுலக்ஷனா அப்படியே குந்திவிட்டார்.

"அதுகளுக்கெண்டுதான் மிஸ், அந்தக் குவியலை விடச் சொன்னனான்," என்றார் ஹெக்டர் சேர். கண்கூட இமைக்கவில்லை.

சுலக்ஷனா என் பக்கம் திரும்பினார். "உண்மையோ டீச்சர்? யோசிச்சு விட்டதோ? இல்லாட்டி உங்கட ஆக்களை நம்பி இடத்தைக் குடுக்க ஏலாது."

வாய் வரைக்கும் வந்ததையெல்லாம் விழுங்கினேன். குஞ்சுகள் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தன.

"ஓம் மிஸ்," என்றேன். "சேர்தான் சொன்னவர். அவருக்கு இதுகளில சரியான அக்கறை."

ஹெக்டர் சேர் என்னை நன்றியோடு பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் அடக்கமாகத் தலையை ஆட்டினார். அதற்குள் அவரே அதை நம்பிவிட்டார்.