மூன்றாம் பக்கத்து ஓட்டை

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குத் தெருவுக்கு வந்த நாற்பதாயிரம் பத்திரிகைகளிலும் மூன்றாம் பக்கத்தின் அடியில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே பார்த்தவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் கட்டியவரின் சமையலறை தெரிந்தது. காகிதத்தைத் திருப்பினால், நான்காம் பக்கத்தில் வானிலை அறிக்கை ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் இருந்தது. டிராமில் தொங்கிக்கொண்டு படித்தவர்களுக்கும், முடிவெட்டும் கடையில் முறை வரக் காத்திருந்தவர்களுக்கும், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்த நீதிபதிக்கும் ஒரே காட்சிதான்: அடுப்பு, மூடி சரியாக உட்காராத ஒரு பாத்திரம், மேசையில் பாதி வெட்டிய வெங்காயம், பக்கத்தில் கத்தி. வெங்காய நெடி ஓட்டை வழியே வந்து நாற்பதாயிரம் பேரும் ஒரே நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அது மிகை. முப்பத்தெட்டாயிரம் பேர் இருக்கலாம்.

இவ்வளவுக்கும் காரணம் வேலையில் நடந்த ஒரு பிசகு. அந்த மாலைப் பத்திரிகையில் மூன்றாம் பக்கத்தின் அடிப்பகுதி கொலைக்கு என்று ஒதுக்கப்பட்டது. திருட்டு மேலே வரும், தற்கொலை ஐந்தாம் பக்கத்துக்குப் போகும், கொலைக்கு அந்த இரண்டு அங்குலம். ஊரும் நாணயமான ஊர். பத்தொன்பது வருடங்களாகக் காலை பதினொன்றரைக்குள் தினம் ஒரு கொலையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. தப்பித் தவறி வராவிட்டால் பல் வலிக்கு வைத்தியம் என்று ஏதாவது துணுக்கைப் போட்டு அடைத்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் ஈய எழுத்துகளை இரும்புச் சட்டத்துக்குள் அடுக்கிப் பக்கம் கட்டுகிற மனிதர், எதையும் அளந்தே பேசுவதால் முழக்கோல் என்று பெயர் வாங்கியவர், கொலைக்கான இடத்தில் பல் வலியைப் போடுவதைத் தன் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாக நினைத்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை, மோப்பம் என்று அழைக்கப்பட்ட குற்றச் செய்தி நிருபர் காவல் நிலையத்திலிருந்து தொலைபேசியில், கொஞ்சம் பொறுங்கள், எப்படியும் ஒன்று விழும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முழக்கோல் பொறுத்தார். பதினொன்றரை தாண்டியது. இடத்தை வெறுமையாகவே வைத்துச் சட்டத்தை முடுக்கி அனுப்பிவிட்டார். அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது, மூன்று வருடங்களாக வீட்டிலேயே தங்கிவிட்ட மைத்துனனைப் பற்றி மனைவியிடம், “இவன் இன்னும் ஒரு மாசம் இங்க இருந்தான்னா இந்த வீட்டுல கொலை விழும், பாத்துக்க” என்று அவர் சொல்லியிருந்ததை அந்த இடம் எப்படிக் கேட்டது என்று யாருக்கும் தெரியாது.

சமையலறைக்குள் இருந்து பார்த்தால் காட்சி வேறு. அடுப்புக்கு மேலே சுவரில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு கட்டம் திறந்திருந்தது. அதற்குள் கண்கள் இருந்தன. கருப்பு, பழுப்பு, கண்ணாடி போட்டது, ஒற்றைக் கண், அழுக்குக் கண், மை தீட்டிய கண் என்று நாற்பதாயிரம் பேருடைய கண்கள், ஒன்றையொன்று இடிக்காமல் அத்தனையும் அந்த இரண்டு அங்குலத்துக்குள் அடங்கியிருந்தன. அவை இமைக்கும்போது தையல் இயந்திரம் ஓடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. முழக்கோலின் மனைவி தையல்காரி; முதலில் தன் இயந்திரம்தான் தானாக ஓடுகிறது என்று எண்ணி எட்டிப் பார்த்தவள், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து ஒரு போர்வையைச் சுவரில் தொங்கவிட்டாள். மறுநாள் போர்வையிலும் அதே அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதற்குள், சமையலறை சரியாகத் தெரியவில்லை என்று பத்திரிகைக்கு அறுநூறு கண்டனக் கடிதங்கள் வந்துவிட்டன.

முழக்கோல் பல் வலி வைத்தியத்தைப் போட்டுப் பார்த்தார். ஈய எழுத்துகள் சட்டத்திலிருந்து நழுவிக் காணாமல்போய், இரண்டு கல் தொலைவில் அவர் வீட்டுச் சமையலறைத் தரையில் கலகலவென்று கொட்டின. மனைவி பெருக்கி அள்ளி ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். ஊரில் நடந்த வேறு கொலைகளைப் போட்டார், அவையும் கொட்டின. பெயர் ஊர் தெரியாத ஒருவரைக் கற்பனையில் கொன்று போட்டார். அது கொட்டியதோடு, டப்பாவின் மூடியையும் நசுக்கிவிட்டது. அந்த இடம் ஒரே ஒரு கொலைக்காகக் காத்திருந்தது, அதுவும் அந்த மூன்று பேர் இருக்கும் வீட்டிலிருந்து வர வேண்டிய கொலைக்காக. நாளுக்கு ஒரு விரற்கடை வீதம் ஓட்டை பெரிதாகி, காய்கறி விலையை விழுங்கி, மணமகள் தேவை விளம்பரங்களைத் தின்று மேலே ஏறியது. மூன்றாவது வாரம் பத்திரிகை தொண்ணூறாயிரம் விற்றது. செய்தி ஆசிரியர் முழக்கோலைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் அது முதல் முறை. “ஒரு அவசரமும் இல்ல. உங்க சௌகரியம்தான். ஆனா நடக்கறது நடக்கும்போது பதினொன்றரைக்கு முன்னால நடந்தா நமக்கு நல்லது” என்றார்.

வீட்டில் பயம் குடிவந்தது. மூவருமே கூர்மையான தொழில்காரர்கள் என்பதை அதுவரை யாரும் யோசித்ததில்லை. மனைவியிடம் முழங்கை நீளக் கத்தரிக்கோல். மைத்துனன் முடிதிருத்துபவன், அவனிடம் நான்கு சவரக் கத்திகள். முழக்கோலிடம் கோணிய எழுத்துகளை நெம்பி எடுக்கும் எஃகு ஊசி. வெங்காயம் வெட்டும் கத்தியைக் கிணற்றில் போட்டார்கள். உருளைக்கிழங்கைக் கையால் உடைத்துச் சமைத்தார்கள். ஒருவர் முதுகை ஒருவருக்குக் காட்டாமல் மூவரும் சுவரோடு சுவராக நண்டுபோல் நடந்தார்கள். மைத்துனன் இருமினால் முழக்கோலுக்கு வியர்த்தது. முழக்கோல் செருமினால் மைத்துனன் கதவோரம் போய் நின்றான். மரியாதையோ எல்லை மீறிப் போயிற்று. உப்பை எடுக்கக்கூட, “மாமா, தப்பா நினைக்காதீங்க, கையை நீட்டுறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் அவன் நீட்டினான். தெருவில் போகும்போது முன்பின் தெரியாதவர்கள் முழக்கோலை நிறுத்தி, இன்றைக்கு எப்படி, ஏதாவது உண்டா என்று பேருந்து நேரம் கேட்பதுபோலக் கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரி தையல்காரியிடம் துணி தைக்கக் கொடுத்துவிட்டு, முடிந்தால் புதன்கிழமைக்குள் கொடுத்துவிடு, அப்புறம் எப்படியோ என்றாள்.

நாற்பதாவது நாள் மாலை நான்கு மணிக்கு, முழக்கோல் தாடியைச் சொறிந்துகொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குச் சவரம் செய்துவிடுவது மைத்துனனின் வழக்கம். பயத்தில் அது நின்றுபோயிருந்தது. எத்தனை நாள்தான் இப்படி என்று மைத்துனன் கத்தியோடு வந்தான். துண்டுக்கு அடியில் முழக்கோலின் விரல்கள் எஃகு ஊசியை இறுக்கின. கத்தி தொண்டையைத் தொட்டதும் ஊசியின் முனை மைத்துனனின் விலாவைத் தொட்டது. இருவருக்கும் நடுவே தையல்காரி கத்தரிக்கோலைத் தூக்கிவிட்டாள், யாரை நோக்கி என்று அவளுக்கே தெரியவில்லை. அப்போதுதான் சத்தம் நின்றது. நாற்பது நாட்களாக ஓடிக்கொண்டிருந்த அந்த இமைச் சத்தம் சுத்தமாக நின்றுபோனது. மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் கதவு அகலத்துக்கு வளர்ந்துவிட்ட அந்தச் சுவர்க்கட்டத்தில் அத்தனை கண்களும் விரிந்து, நனைந்து, இமைக்காமல் நின்றன.

“பாருங்க” என்றாள் தையல்காரி. “ஒரு கண்ணாவது வேண்டாம்னு சொல்லுதா?”

மூவரும் கருவிகளைக் கீழே வைத்தார்கள். ஒவ்வொன்றாக, சத்தம் வராமல், தூங்குகிற குழந்தைகளைப் படுக்க வைப்பதுபோல. கண்கள் சலிப்போடு இமைக்கத் தொடங்கின. தையல்காரி கணவர் பக்கம் திரும்பாமலேயே பேசினாள். “நீங்க விட்ட இடம். அடைச்சாத்தான் இந்த வீட்டுல மூணு பேரும் உசுரோட இருப்போம். என்ன பண்ணுவீங்களோ, நாளைக்கு அடைச்சிட்டு வாங்க.”

மறுநாள் காலை முழக்கோல் யாரையும் பக்கத்தில் விடாமல் தன் கையாலேயே எழுத்தெழுத்தாகக் கோர்த்தார். இப்பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தைக் கட்டுபவர், வயது நாற்பத்தெட்டு, நேற்று மாலை நான்கு மணிக்குத் தம் வீட்டுச் சமையலறையில் கொலை செய்யப்பட்டார். மனைவியும் மைத்துனரும் குற்றமற்றவர்கள் எனத் தெரியவந்துள்ளது. இக்கொலை தொடர்பாகத் தொண்ணூறாயிரம் பேர் தேடப்பட்டு வருகிறார்கள். அவ்வளவுதான். எழுத்துகளைச் சட்டத்தில் இறக்கிவிட்டுக் காத்திருந்தார். எதுவும் நழுவவில்லை. மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியபோது, சட்டையிலிருந்து ஒரு பொத்தான் தெறிப்பதுபோல அவர் நெஞ்சுக்குள் ஏதோ விட்டுப்போனது. வலிக்கவில்லை. நாலு மணிக்குப் பத்திரிகை வெளியானது. நாலேகாலுக்குச் சமையலறைச் சுவர் மூடிக்கொண்டது. அந்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் கொஞ்சம் புதிதாக இருந்தது.

அடுத்த நாள் அச்சகக் காவலாளி அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். இறந்தவர்களுக்கு வருகைப் பதிவு கிடையாது என்றார், மிகுந்த வருத்தத்தோடு. நான் இங்கேதானே நிற்கிறேன் என்று முழக்கோல் வாதாடினார். காவலாளி பத்திரிகையை விரித்துக் காட்டினார். மோப்பம் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார். அழுதுகொண்டே, கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், வாசகர்கள் கேட்பார்கள் என்று குறிப்பேட்டைத் திறந்தார். வழக்கை விசாரிக்க வேண்டிய காவல் அதிகாரியும் பத்திரிகை வாங்குபவர் என்பதால், தன்னைத் தானே விசாரித்து, தன் வாக்குமூலத்தைத் தானே எழுதி வாங்கிக்கொண்டு, தன்னைத் தன் பொறுப்பிலேயே விட்டார். இதற்குப் பிறகுதான் ஊர் நடுங்கியது. எந்த வீட்டில் பத்திரிகை விழுகிறது என்று அடுத்த வீடு கணக்கெடுத்தது. வீட்டுக்கு வீடு பழைய பிரதிகளைக் கொளுத்தினார்கள். நகரத்தின் மேல் மூன்று நாட்கள் புகை நின்றது, புறாக்கள் இருமின. டிராமில் யாரும் யார் கண்ணையும் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து முதல் ஆள் கதவைத் தட்டினார், ஓய்வுபெற்ற தபால்காரர். சமையலறையில் இறந்தவருக்கு எதிரே உட்கார்ந்து, தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு, நான் சும்மா பார்த்தேன், அவ்வளவுதான் என்றார். சரி என்றார் முழக்கோல். ஒரு மாதமாகத் தூங்காத தபால்காரருக்கு அன்று தூக்கம் வந்த செய்தி பரவ, மறுநாளே வரிசை நின்றது. ஒரு நாளைக்கு இருபது பேர் என்று மைத்துனன் ஒழுங்குபடுத்தினான். காத்திருப்பவர்களுக்குச் சவரமும் செய்துவிட்டான். நீதிபதி வந்தார், எதிர்வீட்டுக்காரி வந்தாள், செய்தி ஆசிரியர் கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தார். அத்தனை பேரும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். பன்னிரண்டு வருடங்களும் சில மாதங்களும் ஆயின. மைத்துனனின் கணக்கில் எண்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் வந்து போயிருந்தார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை. மாதக்கணக்கில் எதிர் நாற்காலி காலியாகவே கிடந்தது.

ஒரு பிற்பகல், அந்த நாற்காலியையே வெறித்துக்கொண்டிருந்த முழக்கோல் சட்டென்று நிமிர்ந்தார். அந்த நாற்பது நாட்களும் மதியம், இயந்திரத்திலிருந்து விழும் முதல் பிரதியைக் கையில் எடுத்து, விற்பனைக்குப் போகும்முன் தான் ஒருவனாக அதன் வழியே எட்டிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. எழுந்துபோய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் இடம் காலியாகிவிட்டதால் யாரிடம் சொல்வதென்று தெரியாமல், துணி வெட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னார்.

“நானும் பாத்தேன்.”

“தெரியும்” என்றாள் அவள். “உங்க கண்ணு எனக்குத் தெரியாதா? முதல் நாளே பாத்துட்டேன். இமைக்கவே இல்ல.”

பிறகு, துணி நீளமாக இருக்கிறது என்று சொல்லி, அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். இறந்தவர் எழுந்து வந்து பிடித்துக்கொண்டார்.