சம்பந்தித் தட்டில் ஒரு துவக்கு

1

விலைமதிப்பில்லாதது என்று மாப்பிள்ளையின் தகப்பன் பேனாட் கண்கலங்கிச் சொன்ன துவக்கின் விலை நூற்றெண்பது யூரோ. வேட்டைச் சாமான் கடையில் படத்தைக் காட்டி விசாரித்துவிட்டேன். கொஞ்சம் இழுத்துப் பேசினால் இருநூறுக்கு எடுப்பார்கள். பேனாட்டின் பூட்டனார் தொடங்கி நாலு தலைமுறையாகப் பன்றி சுட்டது என்று உயர்த்திப் பார்த்தேன். "அதனால்தான் விலை குறைவு" என்றான் கடைக்காரன்.

(இந்தக் கதை பாரிஸில், தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் முடிவெட்டப் போன இடத்தில் காதில் விழுந்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். துவக்கை மாற்றவில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "2022 நவம்பர்க் குளிர் குணரத்தினத்தின் எலும்புக்குள்..." வேண்டாம். குளிரில் தொடங்கும் பாரிஸ் கதைகள் ஏற்கெனவே ஒரு லொறி நிறைய இருக்கின்றன.

குணரத்தினம் போர் முடிந்தபின் வந்தவர். லா சப்பலில் மரக்கறிக்கடை, கூசேன்வில்லில் வீடு. மகள் யோன் என்ற பிரெஞ்சுப் பையனைக் கட்டப்போகிறாள். யோனின் தகப்பன் பேனாட், ஞாயிறு தவறாத வேட்டைக்காரர். [அவர் வீட்டுச் சுவரில் தொங்கும் மான்தலைகளை வர்ணித்து ஒரு பந்தி எழுதி, அடித்துவிட்டேன்.] இரு வீட்டாரும் தட்டு மாற்றும் சம்பந்தக் கலப்புக்குத் தட்டில் என்ன வைப்பது என்று யோனின் தாய் ஜெனவியேவ் கேட்டபோது, குணரத்தினத்தின் மனைவி தங்கேஸ்வரி பெருந்தன்மையோடு சொன்னாள்: "உங்கட வீட்டில எதைப் பெரிசா மதிக்கிறியளோ, அதை வையுங்கோ."

மண்டபத்தில் பட்டுத்துணியை விலக்கினார்கள். ரோசாப்பூக்களுக்கு நடுவே இரட்டைக்குழல் துவக்கு. பிரெஞ்சுக்காரர்கள் கைதட்டினார்கள். வன்னி உறவுக்காரர் இரண்டு பேர் மேசைக்குக் கீழே போய்விட்டார்கள்.

"வாழைப்பழம் எண்டு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமெல்லே?" குணரத்தினம் சிரித்த முகம் மாறாமல் பல்லுக்குள் கேட்டார்.

"அவையின்ர குலதெய்வம் இதெண்டு எனக்கென்னப்பா தெரியும்? வாங்கிக் கண்ணில ஒத்துங்கோ, எல்லாரும் பாக்கினம்."

3

கொஞ்சம் சட்டம். இந்த நாட்டில் வேட்டைத் துவக்குக்குப் பெர்மி என்கிற அனுமதிப்பத்திரம் வேண்டும், பதிவும் வேண்டும். பேனாட்டின் துவக்கு எந்தப் பதிவிலும் இல்லை. அவருடைய ஊரில் யாரும் கேட்பதுமில்லை. கேட்கவேண்டியவர்களும் ஞாயிறானால் கூடவே காட்டுக்குப் போகிறார்கள். அதே துவக்கு குணரத்தினத்தின் கட்டிலுக்குக் கீழே கிடந்தால் கதை வேறு. அவருடைய குடியுரிமை விண்ணப்பம் பிறிபெக்சர் என்கிற மாவட்டக் கந்தோரில் இருக்கிறது, நேர்முகம் அடுத்த மாதம். ஒருநாளும் துவக்குத் தொட்டதில்லை என்று அகதி மனுவில் எழுதிய மனிதர், அது உண்மையும்கூட.

திருப்பிக் கொடுக்கலாமே என்பீர்கள். சம்பந்தித் தட்டைத் திருப்பினால் சம்பந்தமே திரும்பிவிடும்.

அந்த நவம்பர்க் கடைசியில் அரசாங்கம் ஒரு வாரம் கண்ணை மூடிக்கொண்டது: பதியாத துவக்கைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் விசாரணை இல்லை. ஒப்படைத்ததை அழித்துவிடுவார்கள். (பதிந்து வைத்திருக்கவும் வழி இருந்ததாம். நேர்முகத்துக்கு முதல் மாதம் தன் பெயரில் துவக்குப் பதிய எந்தத் தமிழன் துணிவான்?)

4

கடைசி நாள் குணரத்தினம் துவக்கைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஒப்படைக்கும் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற மனுஷி திரும்பினாள். ஜெனவியேவ். தோளில் நீளமாக இரண்டு உறைகள்.

"பேனாட்டும் வந்திருக்கிறாரோ, மதாம்?" அவருடைய பிரெஞ்சு நடுங்கியது.

"அவருக்குத் தெரியாது. வீட்டில் இருக்கிறதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை." போர்வையைப் பார்த்தாள். "அதைத் தட்டில் வைக்கச் சொன்னதும் நான்தான். சண்டையில்லாமல் வீட்டைவிட்டு வெளியேற்ற வேறு வழி கிடைக்கவில்லை."

"நாலு தலைமுறைச் சாமானெல்லே?"

"குடித்துவிட்டுத் துவக்குத் துடைக்கிற மனிதரோடு நீங்கள் வாழவில்லை, மிசியே."

வரிசை நகர்ந்தது.

"ஞாயிறு மதியம் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறோம்" என்றாள். "சுவரில் எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று பார்க்க அவருக்கு ஒரே ஆசை."

5

[குணரத்தினத்தை வரிசையிலிருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்ப இந்த இடத்தில் எவ்வளவோ முயன்றேன். பெர்மி எடுக்க வைத்தேன். பரீட்சையில் முதல் வெடிக்கே நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார். சிரித்துவிட்டு அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். பேனாட்டிடம் உண்மையைச் சொல்ல வைத்தேன். அதற்குப் பிறகு ஜெனவியேவ் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று...]

கொடுத்துவிட்டார். இருவரும் கொடுத்துவிட்டார்கள். வாசலில் சம்பந்திகள் கன்னத்தோடு கன்னம் வைத்து விடைபெற்றார்கள்.

இனிக் கணக்கு. வரவு: குணரத்தினத்துக்கு வியர்க்காத ஒரு நேர்முகம், ஜெனவியேவுக்கு அயர்ந்து தூங்க ஓர் இரவு. செலவு: பேனாட்டின் பூட்டனார். பாக்கி: ஞாயிறு மதியம், வெறுஞ்சுவருக்கு முன்னால் நின்று பேனாட் கேட்கப்போகும் கேள்விக்கு ஒரு பதில். என்னிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. அதை உங்கள் பேரில் எழுதியிருக்கிறேன்.