விளையாடலாம்

பஸ் அக்காவின் வலது காலை மடக்கி, பாதத்தை அசையாமல் அழுத்திக்கொண்டு, முட்டிக்குக் கீழே எலும்பை இரண்டு கையாலும் பிடித்து முன்பக்கம் இழுத்தாள், பிசியோதெரபி பயிற்சிக்கு வந்திருந்தவள். நல்ல முட்டி என்றால் ஓர் அளவுக்கு மேல் வராது, டக்கென்று நிற்கும். இது நிற்கவில்லை. மேசை டிராயர் போல வழுக்கிக்கொண்டு வந்தது. இடது காலில் செய்து பார்த்தாள். மறுபடி வலது கால். கல்லூரியில் பொம்மை முட்டியிலும் தோழிகளின் முட்டியிலும் நூறு தடவை பழகிய பரிசோதனைதான். கிழிந்த ஜவ்வு கைக்கு எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி போகுது?"

"ஒண்ணுமில்லக்கா. சார்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்."

வாரத்தில் ஐந்து நாள் டவுன் பஸ் ஓட்டுகிறவள் பஸ் அக்கா. மற்ற இரண்டு நாளும் ஊர்ப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். வயது முப்பத்தாறு. ஆறு மாதப் பிசியோதெரபி பயிற்சிக்காக இந்த நாட்டில் வந்து இறங்கிய முதல் வாரம், தப்பான பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் அழுதுகொண்டிருந்தவளின் பக்கத்தில், வண்டியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள். "அக்கா" என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இனிமேல் என்னை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அந்த ஊரில் அவளுக்குச் சோறு இறங்கியது.

தலைமை பிசியோ அவள் எழுதிய அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஞாயிற்றுக்கிழமை ஊர்த் திருவிழாவின் கடைசி நாள். பக்கத்து ஊரோடு மேட்ச். ஒன்பது வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். வேறு கோல்கீப்பரும் இல்லை.

"விளையாடக் கூடாதுன்னு எழுதியிருக்க."

"ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம் சார்."

"ஸ்கேனுக்கு ரெண்டு வாரம் ஆகும். கையால பாத்தது தப்பாவும் இருக்கலாம். நாலு மாசமா இந்த மேட்சுக்குத்தான் அவ உசிரோட இருக்கா." கண்ணாடியைத் துடைத்தார். "அடுத்த வாரம் நீ கெளம்பற இல்ல? உன் சான்றிதழ்ல என்ன எழுதறதுன்னு நேத்துத்தான் யோசிச்சிட்டிருந்தேன்."

அதட்டவில்லை, மிரட்டவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான். ஊரில் அம்மா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கூடத்து ஆயா வரைக்கும் எல்லோருக்கும் தெரியும், மகள் வெளிநாட்டுச் சான்றிதழோடு வருகிறாள் என்று. 'லேசான வீக்கம். கட்டுப் போட்டு விளையாடலாம்' என்று எழுதினாள். பரிசோதித்தவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். அவர் எங்கேயும் போடவில்லை.

அறைக்குத் திரும்பியபோது பஸ் அக்கா ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

"காகிதத்துல என்ன வேணா எழுதுவாங்க. நீ சொல்லு. கோல்ல நிக்கலாமா?"

அந்த இடத்தில் 'வேண்டாம்' என்ற ஒரு வார்த்தை போதும். வாயில் அந்த வார்த்தை வந்தும் விட்டது. ஆனாலும், "நிக்கலாம்க்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே தெருவில் இருந்தது. வேலைக்குப் போகும்போது தலையைக்கூடத் திருப்பாத ஜனங்கள், அன்று முன்பின் தெரியாதவர்கள் தோளிலெல்லாம் கை போட்டார்கள். மேளம் அடித்துக்கொண்டு மைதானத்துக்கு ஊர்வலம் போனது. பஸ் அக்கா அவள் கன்னத்தில் அணியின் பச்சை வண்ணத்தைப் பூசி, கையைப் பிடித்து இழுத்துப் போய், கண்ணில் பட்டவர்களிடமெல்லாம், "என் முட்டிய சரி பண்ணின டாக்டர்" என்றாள். ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொன்னார். வீடியோ அழைப்பில் அம்மா, "எவ்ளோ ஜனம்டி, ஒன்னய எல்லாரும் எப்படித் தாங்கறாங்க பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குமே சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைத்தான் பிறகு அவளால் தாங்க முடியவில்லை. அந்த இரண்டு மணி நேரம் அவள் முட்டியை மறந்திருந்தாள்.

எழுபதாவது நிமிஷம். கோல் எதுவும் விழவில்லை. பந்து இடது மூலைக்கு வந்தது. பஸ் அக்கா வலது காலை ஊன்றித் தாவினாள், பந்தைத் தட்டியும் விட்டாள். கூட்டம் எழுந்து கத்தியது. அந்தச் சத்தத்தில் அவளுடைய அலறல் யாருக்கும் கேட்கவில்லை. தரையில் கிடந்தவளின் வலது முழங்கால் போகக் கூடாத பக்கம் போயிருந்தது.

மறுநாள் காலையில் தலைமை பிசியோ சான்றிதழைக் கொடுத்தார். பொறுப்புணர்வு மிக்கவர், துல்லியமாகப் பரிசோதிப்பவர் என்று இருந்தது. "நேத்து நடந்தது விளையாட்டுல சகஜம்" என்றார். "எதுக்கும் நீ கையெழுத்துப் போட்ட அறிக்கைய பத்திரமா வெச்சிருக்கேன்."

ஆஸ்பத்திரியில் பஸ் அக்காவின் கால் இடுப்பு வரைக்கும் கட்டுக்குள் இருந்தது. முட்டியின் நாலு ஜவ்வில் மூன்று போய்விட்டதாம். நரம்பிலும் அடி. பாதம் மேலே தூக்க வரவில்லை.

"பிரேக் மிதிக்கற கால். இனிமே பெரிய வண்டி ஓட்ட முடியாதுன்னுட்டாங்க" என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. "நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. நீ என்ன பண்ணுவ. என் தலையெழுத்து."

அதைக் கேட்டுக்கொண்டு அவளால் நிற்க முடியவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. ஜவ்வு ஏற்கனவே கிழிஞ்சிருந்துச்சு. மாத்தி எழுதச் சொன்னாரு. எழுதிட்டேன்."

பஸ் அக்கா அவள் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"காகிதத்த விடு. நான் உன்கிட்டதான கேட்டேன்."

"ஆமாக்கா."

"என்னிக்குக் கெளம்பற?"

"வியாழக்கெழம."

"சரிதான். பாரத்த இங்க எறக்கி வெச்சிட்டு கை வீசிட்டுப் போலாம்னு வந்திருக்க." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "கதவ சாத்திட்டுப் போ. இன்னொண்ணு, அக்கான்னு கூப்பிடாத."

கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். தாழ்வாரத்து ஜன்னல் வழியாக மைதானம் தெரிந்தது. கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் குதித்து விளையாடும் பெரிய காற்றுக் கோட்டையின் அடைப்பானைத் திறந்துவிட்டிருந்தார்கள். கோபுரங்கள் ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. ஓர் ஆள் அதன் மேல் குப்புறப் படுத்து, மீதிக் காற்று போவதற்காக, உடம்பை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டிருந்தான்.